பிறவிக் குற்றவாளி என்று ஒருவர் உண்டா?

“தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை” என்பது நம் வீடுகளில் அன்றாடம் கேட்கும் பழமொழி. “புலிக்குப் பிறந்தது பூனையாகுமா?” என்பது மற்றொன்று. பெருமையாகச் சொல்லும்போது இவற்றால் எவருக்கும் தீங்கில்லை. நன்றாகப் பாடும் பெண்ணைப் பார்த்து “அம்மாவின் குரல் அப்படியே வந்திருக்கிறது” என்றால் அந்தக் குடும்பமே பூரித்துப் போகும். ஆனால் இதே பழமொழியைத் திருப்பிப் பிடித்தால் அது கத்தியாகிவிடுகிறது. செய்தித்தாளில் ஒரு கொள்ளைச் செய்தி வந்தவுடன், நன்கு படித்தவர்களே என்ன சொல்கிறார்கள்? “அது அவர்கள் ரத்தத்தில் ஊறியது சார், மாற்ற முடியாது.”

முன்பு ‘ரத்தம்’ என்றார்கள். இப்போது ‘ஜீன்’ என்கிறார்கள். சொல் மாறியிருக்கிறது. கூடவே விஞ்ஞானத்தின் முத்திரையும் விழுந்துவிட்டதால், கேட்பவர்கள் மறுத்துப் பேசத் தயங்குகிறார்கள். குற்றத்திற்கும் பிறப்புக்கும் தொடர்பு உண்டா, உண்டென்றால் எவ்வளவு, அந்த அறிவை வைத்துக்கொண்டு ஒரு சமுதாயம் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். மூன்றையும் ஒன்றாகக் குழப்பியதால் நம் நாட்டில் நடந்த கொடுமை கொஞ்சநஞ்சமல்ல. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மண்டையோட்டில் கண்ட ‘உண்மை’

இந்தக் கொள்கைக்கு விஞ்ஞான உடை தைத்துக் கொடுத்தவர் இத்தாலிய மருத்துவர் செசாரே லொம்ப்ரோசோ. தெற்கு இத்தாலியின் கலாப்ரியா பகுதியைச் சேர்ந்த, திருடன் எனப் பெயர் பெற்ற ஓர் ஏழையின் மண்டையோட்டை அவர் ஆராய்ந்தார். அதன் பின்புறத்தில் ஒரு குழியைக் கண்டார். கீழ்நிலை விலங்குகளிடம் உள்ள அமைப்பு அது; ஆகவே குற்றவாளி என்பவன் ஆதிமனிதன் நம் காலத்தில் மறுபடி பிறந்து வந்தவன் என்று முடிவு கட்டினார். 1876-இல் வெளிவந்த அவரது நூல் ஐரோப்பா முழுவதும் புகழ் பெற்றது. பெரிய தாடை, நீண்ட கை, விரிந்த காது என்று குற்றவாளிக்கு அங்க லட்சணமே வகுத்தார்.

இத்தாலி ஒரே நாடாக இணைந்தது 1861-இல். வடக்கின் படைகள் தெற்கின் ஏழைக் குடியானவர்களைக் ‘கொள்ளையர்’ என்று வேட்டையாடிய காலம் அது. தெற்கத்தியான் ஏன் எதிர்க்கிறான் என்று கேட்டால் நிலம், வரி, பசி என்று பல பதில்களைச் சொல்ல வேண்டியிருக்கும். அவன் மண்டையோடே அப்படி என்று சொல்லிவிட்டால் எந்தப் பதிலும் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கொள்கை ஆள்பவர்களுக்கு எப்போதும் பிடித்துப்போவதன் ரகசியம் இதுதான்.

இங்கிலாந்தில் சிறை மருத்துவராக இருந்த சார்லஸ் கோரிங், ஏறத்தாழ 3,000 கைதிகளை அளந்து, அவர்களைச் சிறைக்குப் போகாத மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்து 1913-இல் நூலாக வெளியிட்டார். லொம்ப்ரோசோ சொன்ன உடல் லட்சணம் உள்ள ‘குற்றவாளி வகை’ என்று ஒன்று இல்லவே இல்லை என்பது அவர் கண்ட முடிவு. இத்தனைக்கும் கோரிங் பரம்பரைக் கொள்கையை அடியோடு மறுத்தவர் அல்லர். ஆயினும் அளவுகோல் காட்டியதை மறைக்காமல் எழுதினார். அதுதான் விஞ்ஞானிக்கு அழகு.

சட்டமாக மாறிய பழமொழி

ஐரோப்பாவில் இது பெரும்பாலும் நூல்களிலும் அருங்காட்சியகங்களிலும் நின்றது. நம் நாட்டிலோ லொம்ப்ரோசோவின் நூல் வருவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1871-இல், குற்றப் பரம்பரைச் சட்டம் வந்துவிட்டது. தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி. அதுபோலத் திருடன் மகன் திருடன் என்று வெள்ளை அதிகாரிகள் வாதாடினார்கள். நம்முடைய சாதி முறையையே சாட்சிக் கூண்டில் ஏற்றி, நம் மக்களையே தண்டித்தார்கள். ஒரு கூட்டத்தைக் குற்றப் பரம்பரை என அரசு அறிவித்துவிட்டால் அது சரியா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. பெயர் பதிவு செய்ய வேண்டும். இருப்பிடத்தைத் தெரிவிக்க வேண்டும். அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியூர் போகக்கூடாது. குற்றம் செய்தாரா என்ற கேள்விக்கே இடமில்லை. இன்ன குலத்தில் பிறந்தாரா என்பதுதான் கேள்வி.

வட இந்தியாவில் தொடங்கிய சட்டம் 1876-இல் நாம் வாழும் இந்த வங்கத்துக்கு வந்தது. 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் சென்னை மாகாணத்துக்கும் பரவியது. தென்பாண்டி நாட்டார் இதைக் ‘கைரேகைச் சட்டம்’ என்றே அழைத்தனர். வெளியூர் செல்ல வாங்கிய ராதாரிச் சீட்டைப் பற்றி மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்கள் நம்மிடையே இருக்கக்கூடும். 1920 ஏப்ரல் 3-ஆம் நாள், உசிலம்பட்டிக்கு அருகேயுள்ள பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மறுத்துத் திரண்ட பிரமலைக் கள்ளர் மக்கள் மீது போலீஸ் சுட்டது. பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இன்னொரு சிறு விவரம். ஒருவரை நாம் ‘கேடி’ என்று ஏசுகிறோமே, அது தமிழ்ச் சொல் அல்ல. ‘நோன் டெப்ரடேட்டர்’ என்று போலீஸ் பதிவேட்டில் எழுதிய சொற்களின் ஆங்கில முதலெழுத்துகளே கே, டி. அந்தப் பதிவேடு நம் நாக்கிலேயே தங்கிவிட்டது!

இந்தச் சட்டத்தின் பொய்யை அதன் ஒரு திருத்தமே காட்டிக் கொடுக்கிறது. 1897-இல் கொண்டுவந்த திருத்தம், 4 வயது முதல் 18 வயது வரையுள்ள சிறுவர்களைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனிக் குடியிருப்புகளில் வைத்துத் திருத்தலாம் என்றது. குற்றம் ரத்தத்தில் ஊறியதாயின், பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்தால் ரத்தம் மாறிவிடுமா? வளர்ப்புதான் காரணம் என்றால், பிறந்த குழந்தைக்கே ஏன் முத்திரை? தாங்கள் சொன்னதை ஆட்சியாளர்களே நம்பவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

உண்மையான காரணங்கள் கண்ணெதிரே இருந்தன. மாட்டின் முதுகில் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராக விற்று வாழ்ந்த குறவர், எருகுலர் போன்றோரின் பிழைப்பை ரயில் வண்டியும் அரசின் உப்புக் கொள்கையும் பறித்தன. ஊர்க் காவலை உரிமையாகக் கொண்டிருந்தவர்களின் இடத்தில் போலீஸ் வந்து உட்கார்ந்தது. காட்டை நம்பி வாழ்ந்த வங்கத்துச் சபர், லோதா மக்களை வனச் சட்டங்கள் காட்டிலிருந்து அந்நியராக்கின. வயிற்றில் அடித்துவிட்டு, வயிறு காய்ந்தவனின் வம்சத்தைக் குற்றம் சொன்னார்கள்.

இன்றைய விஞ்ஞானம் சொல்வது என்ன?

“அது அந்தக் காலம். இப்போது மரபணுவையே படித்துவிட்டார்களே?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிறப்புக்கும் நடத்தைக்கும் ஒட்டே இல்லை என்று வாதாடுவதும் தவறு. உண்மையை உள்ளபடி பார்ப்போம்.

டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்ட 14,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றிய பதிவேடுகளை ஆராய்ந்து, சர்னாஃப் மெட்னிக் குழுவினர் 1984-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பெற்றவர்களும் வளர்த்தவர்களும் தண்டனை பெறாதவர்கள் என்றால், மகன்களில் தண்டனை பெற்றவர் 13.5 சதவீதம். வளர்த்தவர் மட்டும் தண்டனை பெற்றவராயின் 14.7. பெற்றவர் மட்டும் என்றால் 20. இருதரப்புமே என்றால் 24.5 சதவீதம். ஆக, பிறப்புக்கு ஒரு பங்கு உண்டு என்று இந்த ஆய்வு காட்டியது. ஆனால் அந்த 20 சதவீதத்தைத் திருப்பிப் படியுங்கள். குற்றவாளிக்குப் பிறந்த மகன்களில் நூற்றுக்கு எண்பது பேர் எந்தத் தண்டனையும் பெறவில்லை! அதுமட்டுமல்ல, அந்தச் சிறு தொடர்பும் திருட்டு போன்ற சொத்துக் குற்றங்களில்தான் தெரிந்தது. வன்முறைக் குற்றங்களில் தெரியவில்லை. “கொலைகாரன் ரத்தம்” என்று பேசுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது குரோமோசோம் கதை. ஆண்களுக்குச் சாதாரணமாக ஓர் எக்ஸ், ஓர் ஒய் குரோமோசோம் உண்டு. ஏறத்தாழ ஆயிரத்தில் ஓர் ஆண் குழந்தை இரண்டு ஒய் குரோமோசோமோடு பிறக்கிறது. 1965-இல் ஸ்காட்லாந்தில் குற்றம் புரிந்த மனநோயாளிகளுக்கான மருத்துவமனை ஒன்றில் 197 ஆண்களைப் பரிசோதித்ததில் 7 பேரிடம் இது இருந்தது. உடனே ‘கொலைகாரக் குரோமோசோம்’ என்று பத்திரிகைகள் முழங்கின. 1966-இல் சிகாகோவில் எட்டு இளம் செவிலியரைக் கொன்றவனுக்கு இந்தக் குறை உண்டென்று செய்தி பரவியது. பிறகு பார்த்தால் அவனுக்கு அப்படி எதுவுமே இல்லை. 1976-இல் டென்மார்க்கில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட உயரமான ஆண்களை ஆராய்ந்தபோது 12 பேரிடம் இரண்டு ஒய் இருந்தது. அவர்கள் முரடர்கள் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. இதற்கிடையில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பிறந்த குழந்தைகளிடமே இதைத் தேடும் திட்டம் ஒன்று நடந்தது. “உங்கள் மகனுக்கு இது இருக்கிறது” என்று ஒரு தாயிடம் சொன்னால், அன்று முதல் அவள் அந்தக் குழந்தையை எந்தக் கண்ணால் பார்ப்பாள்? அவன் பொம்மையை உடைத்தாலும் சந்தேகம்தானே? இக்கேள்வியை விஞ்ஞானிகளே எழுப்பியதால் 1975-இல் அந்தப் பரிசோதனை நின்றது.

மூன்றாவது, 1993-இல் ஹான்ஸ் புரூனர் என்பவர் நெதர்லாந்தில் ஒரு குடும்பத்தில் கண்டது. மூளையில் சில ரசாயனங்களைச் சிதைக்கும் ‘எம்.ஏ.ஓ.ஏ.’ என்ற என்சைம் அக்குடும்பத்து ஆண்கள் சிலரிடம் அறவே வேலை செய்யவில்லை. அவர்களிடம் திடீர் ஆவேசம் இருந்தது. இது மிக மிக அபூர்வமானது. ஆனால் இந்த மரபணு சற்று மந்தமாக வேலை செய்யும் வகை ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் மூன்றில் ஒருவரிடம் உண்டு. அத்தனை பேரும் குற்றவாளிகளா? 2002-இல் நியூசிலாந்தின் டனீடின் நகரில் பிறந்தது முதல் கவனிக்கப்பட்டு வந்தவர்களை ஆராய்ந்தபோது விடை கிடைத்தது. இந்த வகை மரபணுவோடு, சிறுவயதில் அடியும் கொடுமையும் பட்டு வளர்ந்தவர்களே பிற்காலத்தில் அதிகம் தவறினர். அன்பாக வளர்ந்தவர்களிடம் அதே மரபணு அந்தத் தீங்கைச் செய்யவில்லை. பின்வந்த ஆய்வுகளில் சில இதை உறுதிப்படுத்தின, சில உறுதிப்படுத்தவில்லை. ‘ஆவேச ஜீன்’ என்ற பேச்சைப் புரூனரே ஏற்கவில்லை.

நீதிமன்றத்துக்குப் போனால் இந்த அறிவு இருபுறமும் வெட்டும். 2009-இல் இத்தாலியின் த்ரியெஸ்தெ நகர மேல்முறையீட்டு நீதிமன்றம், மரபணுச் சான்றையும் பார்த்து ஒரு கொலைக் குற்றவாளியின் தண்டனையில் ஓராண்டைக் குறைத்தது. 2012-இல் அமெரிக்க நீதிபதிகள் 181 பேரிடம் ஒரு கற்பனை வழக்கைக் கொடுத்துப் பார்த்தார்கள். உயிரியல் காரணத்தைக் கேட்டவர்கள் கொடுத்த தண்டனை சராசரியாக ஓராண்டு குறைந்தது. ஆனால் “பாவம், அவன் என்ன செய்வான்” என்று இரங்க வைக்கும் அதே காரணம், “இவன் திருந்தவே மாட்டான், வெளியே விடாதே” என்றும் எண்ண வைக்கும் என்பதை அந்த ஆய்வே சுட்டிக்காட்டியது. இன்று சலுகையாக வருவது நாளை ஆயுள் சிறையாகலாம்.

எளிய கணக்கு இரண்டு

நுண்ணோக்கி இல்லாமலே புரியக்கூடிய இரண்டு செய்திகளைச் சொல்கிறேன்.

முதலாவது: உலகில் குற்றத்தோடு மிக நெருங்கிய தொடர்புள்ள பிறவிக் குணம் எது தெரியுமா? ஆணாகப் பிறப்பது! நம் நாட்டுச் சிறைகளில் நூற்றுக்கு நான்கு பேர் அளவில்தான் பெண்கள். அதற்காக ஆண் குழந்தை பிறந்தவுடன் காவல் நிலையத்தில் ரேகை பதிய வேண்டும் என்று யாராவது சொன்னால் சிரிப்போம். ஒரு சபர் குழந்தைக்கோ குறவர் குழந்தைக்கோ அதைச் செய்தபோது மட்டும் ஏன் சிரிப்பு வரவில்லை?

இரண்டாவது: 1788 முதல் 1868 வரை இங்கிலாந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கைதிகளை ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தியது. ரத்தக் கொள்கை உண்மையாயின் அந்நாடு இன்று கொள்ளையர் கூடாரமாக இருக்க வேண்டும். கொலைக் குற்ற விகிதத்தில் அது அமெரிக்காவைவிடப் பன்மடங்கு கீழே இருக்கிறது. உசிலம்பட்டிப் பக்கமும் இதே கதைதான். ரேகை வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஆசிரியர்களாகவும் ராணுவ வீரர்களாகவும் போலீஸ் அதிகாரிகளாகவும் இருக்கிறார்கள். இரண்டு தலைமுறையில் மரபணு மாறாது. பள்ளிக்கூடமும் பட்டாவும் வேலையும்தான் மாறின.

போன சட்டமும் போகாத முத்திரையும்

குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் நீங்கியது. நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31-இல் ஒழிந்தது. சீர்மரபினர் அந்நாளைத் தங்கள் விடுதலை நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஆனால் சட்டம் போன வழியிலேயே வழக்கமாகக் குற்றம் புரிவோர் சட்டங்கள் உள்ளே வந்தன. அவற்றை நீக்கச் சொல்லித் தேசிய மனித உரிமை ஆணையம் 2000-ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தும், பல மாநிலங்களில் அவை இன்னும் இருக்கின்றன.

வெகுதூரம் போக வேண்டாம். லோதா சபர் சமூகத்தின் முதல் பெண் பட்டதாரியான சுனி கோட்டால், மேற்படிப்புக்கு எடுத்துக்கொண்ட பாடம் மானிடவியல். மனிதனைப் பற்றிய படிப்பு! குற்றப் பரம்பரையில் பிறந்தவள் என்ற வசவைப் படிக்கும் இடத்திலேயே கேட்டுக் கேட்டு மனம் நொந்து 1992-இல் உயிரை மாய்த்துக்கொண்டார். 1998 பிப்ரவரியில் புருலியா மாவட்டத்தில் புதன் சபர் என்ற கூலித் தொழிலாளி போலீஸ் காவலில் இறந்தார். தற்கொலை என்றது போலீஸ். எழுத்தாளர் மகாஸ்வேதா தேவி முதலானோர் விடாமல் போராடியதால், கல்கத்தா உயர்நீதிமன்றம் மத்தியப் புலனாய்வு விசாரணைக்கும் அவர் மனைவிக்கு இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. சட்டம் ஒழிந்து 46 ஆண்டுகள் ஆன பிறகு நடந்தது இது. 2024 அக்டோபரில்தான், சீர்மரபினரைப் பழக்கக் குற்றவாளிகளாகப் பார்க்கும் சிறை விதிகள் செல்லாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. 2022-இல் வந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டத்தின்படி, கைதானவர்களின் ரேகை, கருவிழிப் பதிவு, உயிரியல் மாதிரிகள் ஆகியவற்றை எடுத்து 75 ஆண்டுகள் வரை வைத்திருக்கலாம். அடையாளம் காணும் விஞ்ஞானத்தை நான் எதிர்க்கவில்லை. உலகிலேயே முதலாவது எனப் போற்றப்படும் கைரேகைப் பிரிவு 1897-இல் நம் கல்கத்தாவில் தொடங்கியதுதான். அசிசுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இருவரின் உழைப்பு அதில் உண்டு. மரபணுச் சோதனையும் அப்படியே. 1986-இல் இங்கிலாந்தில் ஒரு கொலை வழக்கில் அது முதன்முதலாகச் செய்த வேலை, போலீசிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த ஒரு நிரபராதி இளைஞனை விடுவித்ததுதான்.

நடந்த குற்றத்தைச் செய்தவர் யார் என்று காண ரேகையும் மரபணுவும் உதவட்டும். நடக்காத குற்றத்தைச் செய்யப்போகிறவர் யார் என்று தேட அவற்றைத் தொடவே கூடாது. கல்கத்தாவில் வளர்ந்த அதே ரேகைக் கலைதான் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூட்டுக்குக் காரணமாயிற்று என்பதை மறக்கலாகாது. சேமித்து வைத்த மாதிரிகளிலிருந்து குணத்தைக் கணிக்கும் ஆசை ஒருநாள் யாருக்காவது வரும். அதற்கு முன்பே சட்டத்தில் தெளிவான தடை வேண்டும். ஒரு குழந்தையிடம் உயிரியல் பலவீனம் இருப்பது தெரிந்தால், அதற்குக் கூடுதல் அன்பும் சிகிச்சையும் சத்துணவும் தருவதற்கு மட்டுமே அந்த அறிவு பயன்பட வேண்டும். டனீடின் ஆய்வு நமக்குச் சொல்லும் பாடம் அதுதான்.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இது புரியாத விஷயமல்ல. 1960-களின் பிற்பகுதியில் பம்பாயில் ‘லுங்கி’ என்ற ஒரே சொல்லால் தென்னிந்தியர் அனைவரையும் ஏசி விரட்டியதை மூத்த வாசகர்கள் அறிவார்கள். கூட்டத்தோடு சேர்த்து எடை போடப்படும் வலி நமக்குத் தெரியும். ஆகவே, வீட்டில் ஒரு மோதிரம் காணாமல் போனால், புருலியாவிலிருந்து வந்த வேலைக்காரப் பெண்ணின் பையை முதலில் சோதிக்கும் முன் ஒரு நிமிடம் யோசிப்போம். நம் குழந்தைகளின் காதில் விழும்படி “அந்த ஜாதியே அப்படி” என்று சொல்லாமல் இருப்போம். ரத்தத்தின் வழியாகக் குற்றம் பரவுவதாக நிரூபணமில்லை. இந்த வார்த்தைதான் தகப்பனிடமிருந்து பிள்ளைக்குத் தவறாமல் போய்ச் சேருகிறது.